பார்ட்டிசிப்பிளும் பிரிபொசிஷனும்: நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

‘கோ, வென்ட், கான்’ என்று மூன்று வடிவங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற பிள்ளைகள் நம் பக்கத்தில் ஏராளம். ஆனால் அந்த மூன்றாவது வடிவத்தை, அதாவது பாஸ்ட் பார்ட்டிசிப்பிளை, வாக்கியத்தில் எங்கே வைப்பது, அதன் பின்னால் ‘இன்’ வருமா ‘ஆஃப்’ வருமா என்று கேட்டால் திகைத்துப்போகிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. வடிவங்களை ஒரு பாடமாகவும், ‘இன்’, ‘ஆஃப்’ போன்ற பிரிபொசிஷனை இன்னொரு பாடமாகவும் தனித்தனியே நடத்துகிறோம். எழுதும்போதும் பேசும்போதும் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. ஒட்டியபடியேதான் படிக்கவும் வேண்டும்.

தமிழ்வழியில் படித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள், போட்டித் தேர்வுக்கு உட்கார்ந்திருக்கிறவர்கள், ஆங்கிலச் செய்தித்தாளைக் கையில் எடுக்கத் தயங்குகிறவர்கள், இவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் பெயரெச்சமும் வேற்றுமை உருபும் ஒழுங்காகப் படித்திருந்தால் இதில் பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஆங்கிலம் வேண்டுமென்றால் தமிழை மறந்துவிட்டு வா என்று சொல்கிற வகுப்புகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது. இந்த விஷயத்தில் தமிழ்தான் கைப்பிடி.

ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் ஓட்டிவிடாமல் வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள். பிரிபொசிஷன் காது வழியாகத்தான் உள்ளே போகும்.

முதல் படி: தமிழைக் கடைசியிலிருந்து வாசிப்பது

‘பத்தமடையில் கோரையால் நெய்த பாய்கள்’ என்கிறோம். கடைசியில் நிற்பது பெயர்ச்சொல், பாய்கள். அதற்கு முன் ‘நெய்த’ என்ற பெயரெச்சம். அதற்கு முன் ‘கோரையால்’. எல்லாவற்றுக்கும் முன் ‘பத்தமடையில்’. இப்போது கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: பாய்கள், நெய்த, ஆல், கோரை, இல், பத்தமடை. ஆங்கிலம் இதுதான்: ‘மேட்ஸ் வோவன் ஃப்ரம் கோரை இன் பத்தமடை’. மேட்ஸ் பாய்கள், வோவன் நெய்த, ஃப்ரம் ஆல், இன் இல். ஒரு சொல்கூட வரிசை தப்பவில்லை. உருபு தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டும், ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் என்று தனியாக மனப்பாடம் செய்வோமே, அதுகூடத் திருப்பி வாசித்தால் தானாக அமைந்துவிடுகிறது.

இன்னொன்று: ‘தாமிரபரணியின் குறுக்கே கட்டிய பாலம்’. பாலம், கட்டிய, குறுக்கே, தாமிரபரணி. ‘எ ப்ரிட்ஜ் பில்ட் அக்ராஸ் த தாமிரபரணி’. கொஞ்சம் நீளமாக ஒன்று: ‘2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரித்த மாவட்டம்’, அதாவது தென்காசி. மாவட்டம், பிரித்த, இலிருந்து, திருநெல்வேலி, இல், 2019. ‘எ டிஸ்ட்ரிக்ட் கார்வ்ட் அவுட் ஆஃப் திருநெல்வேலி இன் 2019’. 1986-இல் பிரிந்த தூத்துக்குடிக்கும் இதே வாக்கியத்தில் ஆண்டை மட்டும் மாற்றினால் போதும். எது வினையோடு நெருக்கமோ அது பக்கத்தில் வரும், காலம் கடைசிக்குப் போகும். தமிழில் காலம் முதலில் வந்ததால் ஆங்கிலத்தில் கடைசியில் வருகிறது.

இங்கே ஒரு வழக்கமான தப்பைக் கவனியுங்கள். பார்ட்டிசிப்பிள் தனியாக வந்தால் பெயருக்கு முன்னால் நிற்கலாம்: ‘எ லாக்ட் ரூம்’, பூட்டிய அறை. பின்னால் ஒரு பிரிபொசிஷன் தொடர் சேர்ந்துவிட்டால் இரண்டும் ஜோடியாகப் பெயருக்குப் பின்னால் போய்விடவேண்டும்: ‘எ ரூம் லாக்ட் ஃப்ரம் இன்சைட்’, உள்ளேயிருந்து பூட்டிய அறை. ‘எ லாக்ட் ஃப்ரம் இன்சைட் ரூம்’ என்று எழுதினால் அது தமிழ் வரிசையில் கோத்த ஆங்கிலம்.

இரண்டாம் படி: ‘பட்ட’ போட்டுப் பார்ப்பது

முதல் படி தெரிந்த உற்சாகத்தில் பலர் சறுக்குகிற இடம் இது. தமிழில் ‘பெண் நெய்த பாய்’ என்றாலும் ‘பாய் நெய்த பெண்’ என்றாலும் ‘நெய்த’ மாறுவதில்லை. செய்தவருக்கும் செய்யப்பட்ட பொருளுக்கும் அதே சொல்தான். ஆங்கிலப் பார்ட்டிசிப்பிள் அப்படியில்லை. பெயருக்குப் பின்னால் வரும்போது அது பெரும்பாலும் செயப்பாட்டுவினைதான், செய்யப்பட்ட பொருளோடுதான் சேரும்.

ஆகவே எழுதுவதற்கு முன் தமிழ்த் தொடரில் ‘பட்ட’ சேர்த்துப் பாருங்கள். ‘நெய்யப்பட்ட பாய்’, பொருந்துகிறது. பார்ட்டிசிப்பிளைத் தாராளமாகப் போடலாம். ‘நெய்யப்பட்ட பெண்’, பொருந்தவில்லை. அப்படியானால் ‘ஹூ’ போட்டே தீரவேண்டும். ‘த உமன் ஹூ வோவ் த மேட்’. இங்கே மூன்றாம் வடிவம் வராது, இரண்டாம் வடிவம் வரும்.

விண்ணப்பங்களில் நான் அடிக்கடி சிவப்பு மையால் வட்டமிடுகிற வாக்கியம் இது: ‘த கேண்டிடேட்ஸ் அப்பியர்ட் ஃபார் த எக்ஸாம் ஆர் வெயிட்டிங்’. தேர்வு எழுதிய மாணவர்கள் என்பதை அப்படியே இறக்கிவைத்ததால் வந்தது. ‘எழுதப்பட்ட மாணவர்கள்’ என்று சொல்லிப் பார்த்தால் உங்களுக்கே காது கூசும். ‘த கேண்டிடேட்ஸ் ஹூ அப்பியர்ட் ஃபார் த எக்ஸாம்’ என்றால் சரி. ‘நேர்காணலுக்கு வந்தவர்கள்’ என்பதற்கும் இதே மருந்து: ‘தோஸ் ஹூ கேம் ஃபார் த இன்டர்வ்யூ’. நன்றாகப் படித்தவர்கள் எழுதுகிற சுற்றறிக்கையிலேயே இந்த ‘ஹூ’ காணாமல் போகிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சில சொற்கள் விதிவிலக்கு. சருகு விழுந்தது, ஆசிரியர் ஓய்வுபெற்றார் போன்றவற்றில் ‘பட்ட’ வராது, ஆனாலும் ‘லீவ்ஸ் ஃபாலன் ஆன் த ரோடு’, ‘எ டீச்சர் ரிடயர்ட் ஃப்ரம் சர்வீஸ்’ என்று எழுதலாம். மலையடிவாரத்தில் அமைந்த பாபநாசம், ‘பாபநாசம், சிச்சுவேட்டட் அட் த ஃபுட் ஆஃப் த ஹில்ஸ்’ என்றாகும். எண்ணிக்கை குறைவு, எதிர்ப்படும்போது குறித்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: ஓர் அல்வாவும் ஆறு பிரிபொசிஷனும்

ஒரே பார்ட்டிசிப்பிளுக்குப் பின்னால் பிரிபொசிஷன் மாறினால் பொருள் எப்படி மாறுகிறது என்று பார்க்க ‘செய்த’ என்று பொருள்படும் ‘மேட்’ என்ற சொல்லைவிட நல்ல இடம் இல்லை. நம் ஊர் அல்வாவையே எடுத்துக்கொள்வோம்.

சம்பா கோதுமையை ஊறவைக்கிறார்கள்: ‘வீட் சோக்ட் இன் வாட்டர்’. அரைத்துப் பிழிந்து பாலெடுக்கிறார்கள்: ‘மில்க் எக்ஸ்ட்ராக்டட் ஃப்ரம் வீட்’. அந்தப் பாலைச் சீனிப்பாகில் ஊற்றி, நெய்யை விட்டு விட்டு, கை ஓயாமல் கிண்டுகிறார்கள். கடைசியில் வாழையிலைத் துண்டில் வந்து விழுகிற அல்வாவில் கோதுமையின் உருவம் மருந்துக்குக்கூடக் கிடையாது. மூலப்பொருள் இப்படி உருமாறிப் போனால் ‘ஃப்ரம்’: ‘அல்வா மேட் ஃப்ரம் வீட்’. மூலப்பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் ‘ஆஃப்’. காருகுறிச்சி மண்பானையைத் தட்டிப் பார்த்தாலே மண் தெரிகிறது: ‘எ பாட் மேட் ஆஃப் க்ளே’. மர மேசை ‘மேட் ஆஃப் வுட்’, ஆனால் மரக்கூழில் செய்த காகிதம் ‘மேட் ஃப்ரம் வுட்’.

இனி நெய். அல்வா முழுக்க நெய்யால் ஆனதல்ல, சேர்மானங்களில் நெய்யும் ஒன்று. அப்போது ‘வித்’: ‘மேட் வித் கீ’. செய்தவரைச் சொன்னால் ‘பை’: ‘மேட் பை மை அங்க்கிள்’. ஊரைச் சொன்னால் ‘இன்’: ‘மேட் இன் திருநெல்வேலி’. கோதுமையிலிருந்து தொடங்கி அல்வாவில் போய் முடித்தால் ‘இன்டு’: ‘வீட் இஸ் மேட் இன்டு அல்வா’. ஆறும் ஆயிற்று.

இந்த ஆறில் ‘பை’யும் ‘வித்’தும்தான் தமிழருக்குக் குழப்பம். காரணம் நம்முடைய மூன்றாம் வேற்றுமை. ‘தாசில்தாரால்’, ‘அரக்கால்’, ‘கோரையால்’, எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஆல்’. ஆங்கிலம் அதைப் பிரிக்கிறது. ஆள் செய்தால் ‘பை’, கருவியோ பயன்படுத்திய பொருளோ என்றால் ‘வித்’. ‘எ கவர் சைன்ட் பை த தாசில்தார் அண்ட் சீல்ட் வித் வாக்ஸ்’. தமிழில் ‘ஆல்’ வருகிற இடத்திலெல்லாம் ஒரு நிமிடம் நின்று, இது ஆளா, கருவியா, மூலப்பொருளா என்று கேளுங்கள். பதில் வந்தவுடன் பிரிபொசிஷனும் வந்துவிடும்.

‘நோன்’ என்ற சொல்லும் இப்படித்தான். திருநெல்வேலி அல்வாவுக்குப் பேர்போனது: ‘நோன் ஃபார் அல்வா’. பாளையங்கோட்டை தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று அழைக்கப்படுகிறது: ‘நோன் ஆஸ் த ஆக்ஸ்ஃபோர்டு ஆஃப் சவுத் இந்தியா’. அவர் எனக்குத் தெரிந்தவர்: ‘நோன் டு மீ’. புகழுக்கு ஃபார், பெயருக்கு ஆஸ், ஆளுக்கு டு.

நான்காம் படி: நடந்ததா, இருக்கிறதா?

எல்லாப் பார்ட்டிசிப்பிளும் ஒரு செயலைச் சொல்வதில்லை. சில, மனநிலையையோ உறவையோ சொல்கின்றன. நேற்றுத் தெருவில் ஒரு நாய் பாய்ந்து வந்து பயமுறுத்தியது. அது நடந்த சம்பவம்: ‘ஐ வாஸ் ஃப்ரைட்டன்ட் பை எ டாக்’. எனக்கு நாய் என்றாலே பயம். அது எப்போதும் இருக்கிற நிலை: ‘ஐ ஆம் ஃப்ரைட்டன்ட் ஆஃப் டாக்ஸ்’. சம்பவத்துக்கு ‘பை’ வரும். நிலைக்கு ஒவ்வொரு சொல்லும் தனக்கென்று ஒரு பிரிபொசிஷன் வைத்திருக்கும்.

அந்தத் தனிப் பிரிபொசிஷன்களை எப்படிப் படிப்பது? கடைகளில் விற்கிற புத்தகங்களில் இருநூறு, முந்நூறு என்று அகர வரிசைப் பட்டியல் இருக்கும். அதை உருப்போடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு வாரத்தில் கலந்து குழம்பிவிடும். அதற்குப் பதில் தமிழ் உருபோடு ஒத்துப்போவது எது, முரண்டுபிடிப்பது எது என்று இரண்டாகப் பிரியுங்கள். ஒத்துப்போவதைப் படிக்கவே வேண்டாம்.

‘இசையில் ஆர்வம்’: இல், ‘இன்ட்ரஸ்டட் இன் மியூசிக்’. ‘மழையைப் பற்றிக் கவலை’: பற்றி, ‘வொர்ரீட் அபௌட் த ரெயின்’. ‘வெயிலுக்குப் பழகியவர்’: கு, ‘அக்கஸ்டம்ட் டு த ஹீட்’. ‘திட்டத்துக்கு எதிர்ப்பு’: கு, ‘ஆப்போஸ்ட் டு த ப்ளான்’. இவை தாமாகவே வாயில் வந்துவிடும்.

முரண்டுபிடிப்பவற்றுக்குத்தான் நோட்டில் இடம் ஒதுக்கவேண்டும். ‘சம்பளத்தில் திருப்தி’ என்கிறோம், ஆங்கிலம் ‘சாட்டிஸ்ஃபைட் வித்’. ‘வேலையில் சலிப்பு’, ஆங்கிலம் ‘டயர்ட் ஆஃப்’ அல்லது ‘போர்ட் வித்’. வேலை செய்து உடம்பு களைத்திருந்தால் அது வேறு, ‘டயர்ட் ஃப்ரம்’ என்று வரும். ‘இன்னாரோடு கல்யாணம்’ என்கிறோம், ஆங்கிலம் ‘மேரீட் டு’. ‘மேரீட் வித்’ என்று எழுதாதவர்கள் குறைவு. பாரதி கடையத்துச் செல்லம்மாளை மணந்தார் என்பதை ‘பாரதி வாஸ் மேரீட் டு செல்லம்மாள் ஆஃப் கடையம்’ என்று ஒரு தரம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; கடையம் நினைவிருக்கிறவரை ‘டு’வும் நினைவிருக்கும். நம் ஊர்ப் பெயரோடு கோத்த வாக்கியம் பட்டியலைவிட நெடுநாள் நிற்கிறது.

‘டு’ வருகிற இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘கமிட்டட் டு’, ‘டெடிக்கேட்டட் டு’, ‘அக்கஸ்டம்ட் டு’ இவற்றுக்குப் பின்னால் வினை வந்தால் ‘இங்’ சேர்க்கவேண்டும்: ‘கமிட்டட் டு டீச்சிங்’, ‘கமிட்டட் டு டீச்’ அல்ல. ‘யூஸ்ட் டு’ இரண்டு விதமாகவும் வரும், பொருள் மாறும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அட் ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்கு எழுந்து பழகிவிட்டேன். ‘ஐ யூஸ்ட் டு வேக் அட் ஃபைவ்’ என்றால் முன்பு எழுவேன், இப்போது இல்லை. நேர்காணலில் மாற்றிச் சொன்னால் உங்களைப் பற்றிய செய்தியே மாறிவிடும்.

வழக்குமன்றச் சொற்கள் தனிக் குடும்பம். அவற்றுக்கு வ.உ.சி.யின் வாழ்க்கை ஒன்றே போதும். 1908-இல் அவர்மேல் அரசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது: ‘சார்ஜ்ட் வித் செடிஷன்’. குற்றவாளி என்று தீர்ப்பானது: ‘கன்விக்டட் ஆஃப் செடிஷன்’. நாடுகடத்தல் தண்டனை: ‘சென்டன்ஸ்ட் டு டிரான்ஸ்போர்ட்டேஷன்’. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறை: ‘இம்ப்ரிசன்ட் இன் கோயம்புத்தூர் அண்ட் கண்ணனூர்’. 1912-இல் விடுதலை: ‘ரிலீஸ்ட் ஃப்ரம் ப்ரிசன்’. வித், ஆஃப், டு, இன், ஃப்ரம். இந்த வரிசையை ஒரு மூச்சில் சொல்லிப் பழகினால் ஆங்கிலத் தாளில் எந்தக் குற்றச் செய்தியும் தடுக்காது. ‘அக்யூஸ்ட்’ மட்டும் ‘சார்ஜ்ட்’ மாதிரி ‘வித்’தோடு வராது, ‘அக்யூஸ்ட் ஆஃப்’ என்றே வரும்.

ஐந்தாம் படி: இரண்டு பிரிபொசிஷன் அடுத்தடுத்து வந்தால்

பாளையங்கோட்டையில் மாலை வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நாங்குநேரிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஓர் அலுவலகக் கடிதத்தை நீட்டினான். ‘த சர்ட்டிஃபிகேட் ரெஃபர்ட் டு இன் யுவர் லெட்டர்’ என்ற வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தான்.

“சார், டு, இன் ரெண்டும் அடுத்தடுத்து வருது. ஒண்ண வெட்டிரலாமா?”

“வெட்டிராதலே. ரெண்டுக்கும் வேற வேற வேலை.”

முதல் படியில் செய்ததையே இங்கேயும் செய்து காட்டினேன். ‘உங்கள் கடிதத்தில் குறிப்பிட்ட சான்றிதழ்’. திருப்பி வாசித்தால் சான்றிதழ், குறிப்பிட்ட, இல், உங்கள் கடிதம். ‘குறிப்பிட்ட’ என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் ‘ரெஃபர்ட் டு’ என்று இரண்டு சொல். அந்த ‘டு’ வினையின் உடம்போடு பிறந்தது. சான்றிதழ் முன்னால் போய்விட்டதால் தனியாக நிற்கிறதே தவிர, வினையை விட்டு அது எங்கும் போகாது. ‘இன்’ என்பது ‘இல்’. கடிதத்துக்குச் சொந்தம். பையன் ‘டு’வையும் ‘ரெஃபர்ட்’டையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டான், ‘இன் யுவர் லெட்டர்’ மூன்றையும் சேர்த்து இன்னொரு வட்டம். அதற்குமேல் நான் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

இதே அமைப்பை நீங்கள் பலமுறை நிரப்பியிருக்கிறீர்கள். விண்ணப்பப் படிவத்தில் ‘போஸ்ட் அப்ளைட் ஃபார்’ என்று ஒரு கட்டம் இருக்குமே, விண்ணப்பித்த பதவி, அதுதான். ‘ஃபார்’ அநாதையாக நிற்பதுபோலத் தோன்றும். அது ‘அப்ளை ஃபார்’ என்ற வினையின் பாதி. ஆச்சி வளர்த்த பையன், ‘எ பாய் லுக்ட் ஆஃப்டர் பை ஹிஸ் கிராண்ட்மதர்’. இங்கே ‘ஆஃப்டர்’ வினைக்கு, ‘பை’ ஆச்சிக்கு.

ஆறாம் படி: வாக்கியத்தின் தலையில் வைப்பது

பார்ட்டிசிப்பிள் ஜோடியை வாக்கியத்தின் தொடக்கத்திலும் வைக்கலாம். செய்தித்தாளிலும் வாழ்க்கைக் குறிப்பிலும் மிகவும் புழங்குகிற நடை. ‘பார்ன் இன் எட்டயபுரம் இன் 1882, பாரதி ஸ்டடீட் இன் திருநெல்வேலி’. இதற்கு ஒரே ஒரு விதி. கமாவுக்குப் பின்னால் முதலில் வருகிற பெயர் யாரோ, பார்ட்டிசிப்பிள் அவரைத்தான் சேரும். எட்டயபுரத்தில் பிறந்தவர் பாரதி, கமாவுக்குப் பின்னால் நிற்பவரும் பாரதி, சரி.

நெல்லையையும் பாளையையும் இணைக்கிற சுலோச்சன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அவர் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது. ‘ஓபன்ட் இன் 1843, த ப்ரிட்ஜ் இஸ் நேம்ட் ஆஃப்டர் சுலோச்சன முதலியார்’ என்றால் சரி. ‘ஓபன்ட் இன் 1843, சுலோச்சன முதலியார் பெய்ட் ஃபார் த ப்ரிட்ஜ்’ என்றால் 1843-இல் திறக்கப்பட்டவர் முதலியார் என்று ஆகிவிடுகிறது. வேலை விண்ணப்பத்தில் ‘ட்ரெயின்ட் இன் டேலி, மை வொர்க் இஸ் நீட்’ என்று எழுதுவதும் இதே கோளாறு. டேலி என்ற கணக்கு மென்பொருளைப் படித்தது நீங்கள், உங்கள் வேலை அல்ல. ‘ட்ரெயின்ட் இன் டேலி, ஐ கேன் ஹேண்டில் ஜிஎஸ்டி அக்கவுன்ட்ஸ்’ என்று உங்களைக் கமாவுக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

கைவேலை

கீழே உள்ளவற்றை முதலில் ‘பட்ட’ போட்டுப் பாருங்கள், பிறகு திருப்பி வாசித்து ஆங்கிலமாக்குங்கள். விடையைப் பார்ப்பதற்கு முன் தாளில் எழுதிவிடவேண்டும்.

கல்லிடைக்குறிச்சியில் செய்த அப்பளம். நேற்று அம்பையிலிருந்து வந்த உறவினர். மணிமுத்தாற்றின் குறுக்கே கட்டிய அணை. விண்ணப்பத்தோடு இணைத்த நகல்கள். கலெக்டருக்கு மனு எழுதிய விவசாயி. விவசாயி கலெக்டருக்கு எழுதிய மனு.

முதலாவது ‘அப்பளம் மேட் இன் கல்லிடைக்குறிச்சி’. இரண்டாவதில் ‘பட்ட’ ஏறாது, ஆகவே ‘த ரிலேட்டிவ் ஹூ கேம் ஃப்ரம் அம்பை எஸ்டர்டே’. மூன்றாவது ‘த டேம் பில்ட் அக்ராஸ் த மணிமுத்தாறு’. நான்காவது ‘த காப்பீஸ் அட்டாச்ட் டு த அப்ளிகேஷன்’. ‘ஓடு’ என்பதை நம்பி ‘வித்’ போட்டிருந்தால் அது முரண்டுபிடிக்கும் பக்கத்தில் எழுதவேண்டிய சொல். ஐந்தாவதில் எழுதியவர் விவசாயி: ‘த ஃபார்மர் ஹூ ரோட் எ பெட்டிஷன் டு த கலெக்டர்’. ஆறாவதில் எழுதப்பட்டது மனு: ‘த பெட்டிஷன் ரிட்டன் டு த கலெக்டர் பை த ஃபார்மர்’.